தேசிக்காயும் உப்பும் தங்கமும்

நான் கழுவிய கண்ணாடிக் குவளையில் முகம் பார்க்கலாம். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். கண்டிக்குப் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவுவது என் வேலை. வத்தேகமையிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வருகிறேன்.

அங்கே யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒருத்தி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். தங்கத்தைக் கண்ணுக்கே தெரியாத பொடியாக்கி, அதன்மேல் புற்றுநோய் மருந்தை ஏற்றி, மருந்து உடம்பெல்லாம் அலையாமல் நேரே கட்டிக்குள் போய் இறங்கும்படி செய்ய வேண்டும். அப்படி நடந்தால் நோயாளிக்கு முடி கொட்டுவதும் வாந்தியும் குறையும் என்று எனக்கு விளங்கும்படி சொன்னாள். தங்கம் கரைந்த நீரைக் கொதிக்க வைத்து ஒரு தூளைச் சேர்த்தால் மாதுளம்பழச் சாறு மாதிரிச் சிவக்கும். சிவந்தால் சரி. நீலமாகவே நின்றுவிட்டால் பொடியெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது என்று அர்த்தம். கீழே ஊற்ற வேண்டியதுதான்.

அந்த மாதம் நான்கு தடவையும் நீலம். கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தார் புற்றுநோய்ச் செல்களை வளர்த்து வைத்துக்கொண்டு இவளுக்காகக் காத்திருந்தார்கள். மருந்தேற்றிய பொடியை வெள்ளிக்கிழமை கொடுக்காவிட்டால் இவளுடைய முறை வேறொருவருக்குப் போய்விடும். அடுத்த முறை வருவதற்குள் இவளுடைய ஆராய்ச்சிக்குக் கிடைத்த புலமைப்பரிசில் பணம் முடிந்துவிடும். செவ்வாய்க்கிழமை எங்கள் ஆய்வுகூடத்துப் பேராசிரியர் வந்து பார்த்துவிட்டு, உன் கையில் சுத்தமில்லை என்று சிங்களத்தில் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனார். அவர் போனபிறகு பிள்ளை என்னிடம் புலம்பினாள். தண்ணீரை மாற்றியாயிற்று, தூளை மாற்றியாயிற்று, ஒரு சிட்டிகை உப்புப் பட்டாலும் இது கெட்டுவிடும், ஆனால் உப்பு எங்கிருந்து வரும் என்றாள்.

நான் குவளை அலுமாரியைத் திரும்பிப் பார்த்தேன்.

அந்த மாதம்தான் குவளைகளில் வெள்ளைக் கறை படிந்திருந்தது. கறையோடு அடுக்க எனக்கு மனம் வருமா? வீட்டில் விளக்குத் துலக்குவது போல, பாதித் தேசிக்காயை, அதுதான் எலுமிச்சையை, உப்பில் தொட்டு உள்ளே நன்றாகத் தேய்த்தேன். பைப் தண்ணீரில் ஓர் அலசு, அவ்வளவுதான். யாரையும் கேட்கவில்லை. எனக்குத் தெரியாத கழுவலா என்ற திமிர்.

சும்மா இருந்திருந்தால் ஓர் ஈ காக்கைக்கும் தெரிந்திருக்காது. ஆனால் உப்பு என் கையில், பழி அவள் கையில். கழுவுகிறவளுக்கு இதைவிட வெட்கக்கேடு உண்டா? நேரே பேராசிரியரின் அறைக்குப் போய், எனக்குத் தெரிந்த சிங்களத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டார். கறை இருந்தது என்றேன். அவர் சிரிக்கவில்லை. வேலை போய்விட்டது என்றே நினைத்துக்கொண்டு திரும்பினேன். வாசலில் பிள்ளை நின்றாள்.

"அக்கா, நீங்க சொல்லாட்டி நான் சாகும்வரைக்கும் என்ர கையைத்தான் சந்தேகப்பட்டிருப்பன். வாங்கோ, கழுவுவம்."

"எத்தன தடவ அலசணும்னு மட்டும் சொல்லுங்க மிஸ்," என்றேன்.

அவள் குவளைகளை அமிலத்தில் ஊறப்போட்டு எடுத்துத் தந்தாள். காய்ச்சி வடித்த நீரில் பத்துத் தடவை அலசினேன். துணிகூடப் படவில்லை. வியாழக்கிழமை காலை தங்க நீர் கொதித்தது. தூளைச் சேர்த்ததும் முதலில் கறுத்தது. பிறகு நீலம். எனக்கு உயிரே போய்விட்டது. பிள்ளை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நீலம் ஊதாவாகி, ஊதா மெல்ல மெல்லச் சிவந்தது. சிவப்பென்றால் அப்படி ஒரு சிவப்பு. நான் அழுதேன், அதற்கென்ன?

அன்றே மருந்தையும் ஏற்றி முடித்தாள். வெள்ளிக்கிழமை பெட்டி கொழும்புக்குப் போனது. சில வாரங்களில் பதில் வந்தது: மருந்து செல்லுக்குள் இறங்கியிருக்கிறது. கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்தான், மனிதருக்குப் போக இன்னும் எவ்வளவோ காலம் ஆகும் என்றாள். ஆகட்டும். முதல் குவளை நான் கழுவியது.

பதில் வந்த மறுநாள் காலை நான் வேலைக்கு வந்தபோது குவளை அலுமாரியில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. மேலே சிங்களத்திலும் கீழே தமிழிலும் ஒரே விஷயம்: "இவற்றை அக்காவைத் தவிர வேறு யாரும் கழுவக் கூடாது."

தமிழ், பிள்ளை எழுதியது. சிங்களம், பேராசிரியரின் கையெழுத்து.