மலைப்பாதையில் ஓர் இடியப்பப் பந்தி

நோர்வே நாட்டில், மலைகளுக்கிடையே கடல் நீண்டு புகுந்திருக்கும் நுழைகழிப் பகுதியில் மலைப்பாதை ஓட்டம் ஓட வேண்டும் என்பது எங்கள் மகளின் பேரவா. மெல்பேணில், ரோவில் புறநகரில் எங்கள் இல்லத்திற்கு அண்மையிலுள்ள மலையில் நிகழ்ந்த தகுதியோட்டத்தில் முதல் மூவருள் ஒருத்தியாக வந்தால் மட்டுமே அங்கு இடம் கிட்டும்.

அவளுக்கு ஊக்கமளிக்க, ஏற்றத்தின் நடுவே நானும் என் துணைவியாரும் காத்திருந்தோம். வாழைப்பழமும் நீரும் போதும் என்று மகள் முன்னரே கூறியிருந்தாள். துணைவியாரோ இடியப்பம், சொதி, சம்பல், மடக்குக் கதிரைகள் சகிதம் ஒரு பந்தியையே அமைத்துவிட்டார்.

முதலில் வந்த இரு பெண்களும் கையசைத்து விரைந்தனர். அடுத்து வந்த இருவர் பண்பின் மிகுதியால் நின்றனர். "சிட், சிட்" என்று அவர்களை அமர்த்திய துணைவியார், அவர்கள் தட்டைக் கையால் மறைக்குமுன் மேலும் இரண்டிரண்டு இடியப்பம் இட்டுச் சொதியும் ஊற்றினார்.

ஐந்தாவதாக மகள் வந்தாள்.

"பிள்ளை, ஒரு வாய் சாப்பிட்டுட்டு ஓடு!"

"ஐயோ அம்மா, என்னைக் கூப்பிடாதேங்கோ!"

அந்த விருந்தோம்பலிலேயே வளர்ந்தவளாதலால், நின்றால் மீட்சியில்லை என்பதை அவள் அறிவாள். முகத்தை மரங்களின் பக்கம் திருப்பியவாறே கடந்தாள். அமர்ந்திருந்த இருவரும் பதறி எழுவதற்குள் வளைவையும் தாண்டிவிட்டாள்.

மூன்றாம் இடம் அவளுக்கே கிட்டியது. பதக்கத்துடன் வந்து கட்டிக்கொண்ட மகளிடம் துணைவியார் முகங்கொடுக்கவில்லை.

"சாப்பிடாமல் ஓடினபடியால்தான் மூண்டாவது. சாப்பிட்டிருந்தா முதலாவதா வந்திருப்பாய்."