எண்ணெய் டின்னுக்கு இடம் கொடுத்த வரி

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் புரூப் பார்த்துக்கொண்டிருந்தேன். மிஸ்டு கால் கொடுத்தே குடும்பம் நடத்திய காலம் அது. காலண்டர் சீசன் முடிந்து மெஷின் சும்மா கிடந்தபோது, கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை முகாமுக்கு நோட்டீஸ் அடிக்க ஆர்டர் வந்தது.

முகாம் நடத்தும் டாக்டரம்மா கைப்பட எழுதிக் கொடுத்திருந்தார். இந்தப் புற்றுநோய்க்கு அடிப்படை ஒரு வைரஸ். வைரஸ் தொற்றிய எல்லோருக்கும் புற்றுநோய் வராது. ஹார்மோன் மாத்திரைகளை வருடக்கணக்கில் விழுங்குவது அதற்குத் துணைபோகலாம். கொழுப்பு உணவுக்கும் பங்கு உண்டா என்று ஆராய்கிறார்கள். கடைசியில் ஒரு வரி: ‘பக்கத்தில் உட்கார்ந்தாலோ சேர்ந்து சாப்பிட்டாலோ இது ஒட்டாது.’

நோட்டீஸ் செலவை ஏற்றவர்கள் இருவர். விருதுநகர் எண்ணெய் மில் முதலாளி கொழுப்பைப் படித்ததும் கொதித்துவிட்டார். “எங்க எண்ணெயில பொரிச்ச புரோட்டாவத் தின்னுட்டு ஊரே திடமா இருக்கு. எடுங்க அத!” கொழுப்பு போனது. மருந்துக்கடைக்காரருக்கு ஹார்மோன் பிடிக்கவில்லை. பங்குனிப் பொங்கலுக்கு அக்கினிச்சட்டி எடுக்கும் பெண்கள், மாதவிலக்குத் தேதியைத் தள்ளிப்போட அவர் கடையில்தான் மாத்திரை வாங்குவார்கள். “திருவிழா நேரத்துல பீதியக் கிளப்பாதீக” என்றார். ஹார்மோனும் போனது. வைரஸுக்குப் பரிந்து பேச ஊரில் ஆள் இல்லாததால் அது மட்டும் பத்திரமாக இருந்தது.

பிறகு மில்காரர், நோட்டீஸில் தன் விளம்பரமாகப் போட்டிருந்த எண்ணெய் டின் படத்தைப் பெரிதாக்கச் சொன்னார். இடம் போதவில்லை. யாரையும் கேட்காமல் நானே கடைசி வரியை எடுத்தேன். பட்டாசு லேபிளில் படம் பெரிதாகவும் எழுத்து குறைவாகவும் இருந்தால்தான் அழகு என்று பழகிய கை. பக்கம் அம்சமாக வந்துவிட்டதாக என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

என் அக்கா ஏழாயிரம்பண்ணை பட்டாசுக் கம்பெனிக்கு வேனில் போய்வந்தாள். சில மாதங்களாக அவளுக்கு நேரங்கெட்ட நேரத்தில் ரத்தப்போக்கு. முகாமுக்குச் சம்மதிக்க வைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. முகாமுக்கு இரண்டு நாள் முன்பு, வேலை முடிந்து வந்தவள் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமலே கொண்டுவந்து வைத்தாள்.

“பேரு கொடுத்தது தெரிஞ்சதும் ஒருத்தியும் பக்கத்துல உக்காரல. வைரஸாம், ஒட்டிக்கிருமாம். நான் முகாமுக்குப் போகலலே.”

“அது ஒட்டாதுக்கா.”

“அப்ப அத நோட்டீசுல போட்டிருக்கலாம்ல? எந்தக் கூறுகெட்டவன் அடிச்சது?”

“நாந்தான்க்கா. அந்த வரிய எடுத்ததும் நாந்தான்.”

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. “காலையில வேன்ல வந்து அவளுககிட்டச் சொல்லு” என்றாள்.

மறுநாள் டாக்டரம்மாவின் தாளோடு வேனில் ஏறினேன். அக்காவின் பக்கத்து இடம் காலியாகத்தான் இருந்தது; உட்கார்ந்துகொண்டேன். கர்ப்பப்பை என்ற சொல்லை ஆயிரக்கணக்கில் அச்சடித்த எனக்கு, அதை வாயால் சொல்ல வியர்த்துவிட்டது. கொழுப்பு, ஹார்மோன், கடைசி வரி எல்லாவற்றையும் வாசித்தேன்.

முன்சீட்டுக்காரி திரும்பினாள். “நோட்டீசுல போட்ட அந்த எண்ணெதான் இதுக்கு மருந்துன்னுல்ல நெனச்சோம்! நான் ஒரு டின்னு வாங்கிட்டேன்.”

வேனே சிரித்தது. அக்காவும் சிரித்தாள். முகாமன்று அந்த வேனில் பாதிப் பேர் அவளோடு வரிசையில் நின்றார்கள்.

சில நாளில் அக்காவின் பரிசோதனை முடிவு வந்தது. புற்றுநோயின் ஆரம்ப நிலைதான், வைத்தியம் பார்த்தால் சரியாகிவிடும், இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் கஷ்டம் என்றார் டாக்டரம்மா. அச்சகத்துக்குப் போய் மிச்சமிருந்த நோட்டீஸில் ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். டின் படம் அரை அங்குலம் பெரிதாக வரவேண்டும் என்பதற்காக என் அக்காவைப் பறிகொடுக்கப் பார்த்திருக்கிறேன்.