மூன்றாவது ஜன்னல்

சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு, நாங்கள் அடித்து அனுப்பிய ஒரு லாட் முழுசாகத் திரும்பி வந்தது. பழைய நிலப் பதிவேடுகளின் ஸ்கேனைப் பார்த்து டைப் அடித்துக் கொடுக்கிற சென்டர் எங்களுடையது. உத்திரமேரூரில் ஓர் உரக்கடை மாடியில் பன்னிரண்டு கம்ப்யூட்டர்கள். நான் சிஸ்டம் அட்மின். திரும்பி வந்த லாட்டில் குறை ஒன்றே ஒன்றுதான். சர்வே எண் இருந்தது, அதன் உட்பிரிவு இல்லை. 112/2B என்று இருக்க வேண்டிய இடத்தில் வெறும் 112. அத்தனையும் காஞ்சனா அடித்தது. அவள் சேர்ந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை.

மேனேஜர் தாமோதரன் எல்லோரையும் நிற்க வைத்து என்னைக் கேட்டார்: "இன்னா சார், சிஸ்டத்துல எதுனா கோளாறு கீதா?"

"சிஸ்டம் நல்லாத்தான் கீது. அந்தப் பொண்ணுதான் கவனிக்காம அடிச்சிகீது" என்றேன். ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. அவ்வளவு வாய்க்கொழுப்பு எனக்கு.

"பாத்துதான் சார் அடிச்சேன்" என்றாள் காஞ்சனா.

"பாத்து அடிச்ச லட்சணம்தான் தெரியுதே. திங்கக்கெயமலேர்ந்து வரவாணாம்மா" என்றார் மேனேஜர்.

"சார், இது போச்சின்னா எனக்கு ஒரகடம் கம்பெனி பஸ்தான் சார். கைக்கொழந்தய வுட்டுட்டு நைட் ஷிப்ட்டுக்கு எப்டி சார் போவேன்?"

அவள் டிபன் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.

இங்கே கொஞ்சம் தொழில் விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் கம்ப்யூட்டர்களில் ஓடுவது லினக்ஸ். மெனு, கீழ்ப்பட்டை, கடிகாரம், பிரிண்டர் செட்டிங் எல்லாம் ஒரே கட்டாக வருவது டெஸ்க்டாப் என்விரான்மென்ட். அதற்குள் ஒவ்வொரு ஜன்னலும் எங்கே, எந்த அளவில் நிற்க வேண்டும் என்று தீர்மானிப்பது விண்டோ மேனேஜர். ஆபரேட்டர்கள் ஸ்கேனையும் டைப் அடிக்கிற ஃபாரத்தையும் மவுஸால் இழுத்து இழுத்து அடுக்கியே பாதி நாளைக் கழித்தார்கள். அதனால் அந்தக் கட்டோடு வந்த விண்டோ மேனேஜரை எடுத்துவிட்டு, ஜன்னல்களைத் தானே பக்கம்பக்கமாகப் பிரித்து வைக்கும் வேறொன்றைப் பொருத்தினேன். புதிய விண்டோ மேனேஜர் கீழ்ப்பட்டையையே ஒரு ஜன்னல் என்று நினைத்துப் பாதித் திரையைக் கொடுத்தது. அதைச் சரிக்கட்டவே நான்கு நாள் பேஜார். முடித்ததும் பெருமை தாங்கவில்லை.

சோதனைக்கு ஒரு மிஷின் வேண்டும். பழைய ஆட்களிடம் கொடுத்தால் சண்டைக்கு வருவார்கள். புதிதாக வந்தவளுக்குக் கொடுத்தால் அதுதான் வழக்கம் என்று இருந்துவிடுவாள். ஆக, காஞ்சனாவுக்குக் கொடுத்தேன். மேனேஜரிடம்கூடச் சொல்லவில்லை.

அன்று மத்தியானம் அவளுடைய லாகினை மூட உட்கார்ந்தேன். திரை மூன்றாகப் பிரிந்திருந்தது. ஸ்கேன், ஃபாரம், மூன்றாவதாக ஒரு காலி எடிட்டர். அதில் ஒரே எழுத்து: உ.

எங்கள் சென்டரில் எல்லோரும் காலையில் எடிட்டரைத் திறந்து பிள்ளையார் சுழி போட்டு, மினிமைஸ் பண்ணிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்கள். சாயங்காலம்வரை அதை மூடக் கூடாது. நான் பொருத்திய விண்டோ மேனேஜரில் மினிமைஸ் என்ற ஒன்றே கிடையாது. பிள்ளையார் நாள் முழுக்க மூன்றில் ஒரு பங்கு திரையில் உட்கார்ந்திருந்தார். ஸ்கேன் ஒடுங்கி, வலது ஓரத்துக் கட்டம் மறைந்துபோயிருந்தது. உட்பிரிவு இருப்பது அந்தக் கட்டத்தில்தான். நான் சோதித்ததெல்லாம் இரண்டே ஜன்னல்களோடு.

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். "அட இன்னா சார் நீ! பாவம், அந்தப் பொண்ண தொரத்திட்டமே" என்று தலையில் அடித்துக்கொண்டார். போன் பண்ணட்டுமா என்று கேட்டார். வேண்டாம், நானே போகிறேன் என்றேன்.

திருப்புலிவனத்தில் வீட்டைக் கண்டுபிடித்துப் போனபோது அவள் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன்.

"சின்னதாக்குற பட்டன நானும் தேடினேன் சார், காணோம். மூடக் கூடாதுன்னு அக்காங்க சொன்னாங்க. அப்டியே வுட்டுட்டேன்."

"ஒரு வார்த்த என்னாண்ட கேட்டிருக்கலாமேம்மா?"

"புச்சா வந்தவ கேட்டா, இதுகூட தெர்லியான்னு கேக்கமாட்டீங்களா?"

கேட்டிருப்பேன்.

"திங்கக்கெயம வந்துடும்மா. மேனேஜர் சரின்னுட்டாரு."

அவள் குழந்தையின் வாயைத் துடைத்தாள். "வரேன் சார். ஆனா, நான் கவனமில்லாதவன்னு எல்லார் எதிர்லயும் சொன்னீங்க இல்ல? இப்ப சொன்னதயும் எல்லார் எதிர்லயும் சொல்லணும்."

ஞாயிற்றுக்கிழமை கான்ஃபிக் ஃபைலில் இரண்டு வரி சேர்த்தேன். எடிட்டர் திறந்தவுடன் மறைவாகப் போய்விடும், பட்டையில் ஒரு பட்டனை அழுத்தினால் வரும். அது சுலபமான வேலை. திங்கட்கிழமை பன்னிரண்டு பேர் எதிரில் நின்று, தப்பு என்னுடையது, காஞ்சனாவுடையது அல்ல என்று சொன்னதுதான் கஷ்டமான வேலை. சொல்லி முடித்ததும் அவள் தன் இடத்தில் போய் உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தாள்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். எதை மாற்றினாலும், அதில் உட்காரப் போகிறவர் பக்கத்தில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பாருங்கள். 'சிஸ்டம் நல்லாத்தான் கீது' என்று சொல்வதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.