பரணியின் கிட்டாரில் இரைச்சல்

குரோம்பேட்டையிலிருந்து வண்டலூர் வரை எந்தக் கச்சேரிக் குழுவைக் கேட்டாலும் பரணியைப் பற்றி ஒரே பேச்சுதான்: வாய் கொஞ்சம் நீளம், காது மட்டும் தங்கம். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய மிக்சிகளுக்கு நடுவே கிடந்த எலக்ட்ரிக் கிட்டாரை இளவட்டமாக இருந்தபோது வாங்கியவர். அதை வைத்தே கல்யாணம் செய்து, மகளையும் கல்லூரிக்கு அனுப்பிவிட்டார். வேறு தொழில் எதுவும் அவருக்குத் தெரியாது.

அந்தக் கிட்டாரில் கம்பிகளுக்கு அடியில் மூன்று பிக்கப்புகள். கம்பியின் அதிர்வை வாங்கி ஸ்பீக்கருக்கு அனுப்புவது அவைதான். மூன்றிலும் ஒற்றைக் கம்பிச் சுருள்தான். நாதம் கணீரென்று வரும்; கூடவே பக்கத்திலிருக்கும் சீரியல் செட் விளக்குகளின் இரைச்சலையும் இழுத்துக்கொண்டு வரும். ஆடி மாத அம்மன் கோயில் மேடையில் விளக்குக்கா பஞ்சம்? இத்தனை காலம் பொறுத்துக்கொண்ட பரணிக்குப் போன வருஷம் முதல் அது தாங்க முடியவில்லை. பாட்டு நின்ற பிறகும் "ஙொய்" என்று காதைக் குடைந்தது.

தாம்பரத்தில் கிட்டார் பழுது பார்க்கும் காலேபிடம் போனார். அவன் ஒரு பிக்கப்பைக் கழற்றிவிட்டு, இரைச்சலைத் தானே அடக்கிவிடும் இரட்டைச் சுருள் ஒன்றைப் பொருத்தினான். மற்ற இரண்டும் பழையபடியே.

"இரைச்சல் வாணாம்னா சுவிட்ச இந்தப் பக்கம் தள்ளுண்ணா. கணீர்னு வோணும்னா அந்தப் பக்கம். ரெண்டும் உன் கையில கீது."

வாரம் தாண்டவில்லை, இன்னும் இரைகிறது என்று பரணி திரும்ப வந்து நின்றார். காலேப் ஸ்பீக்கரில் காதை வைத்துப் பார்த்தான்.

"ஒண்ணும் கேக்கலியேண்ணா."

"காது இன்னா செவுடாடா உனுக்கு? டூப்ளிகேட் சாமானப் போட்டு ஏமாத்துறியா?"

காலேபின் முகம் சுண்டிப் போயிற்று. வயரை மாற்றினான், உள்ளே செப்புத் தகடு ஒட்டினான். இரைச்சல் போகவில்லை. பரணி ஊரெல்லாம் அவனைத் திருடன் என்று சொல்லித் திரிந்தார். வீட்டில் படுத்திருக்கும்போது கேட்டால் ஃபேனைத் திட்டினார். ஃபேனை நிறுத்தியும் கேட்டால் விமானத்தைத் திட்டினார்.

இந்த ஆடியில் சிட்லபாக்கத்தில் ஒரு கோயில் கச்சேரி. பாடகி ஹேமாவதி மைக்கைப் பிடித்தாள். பரணி சுவிட்சை இரட்டைச் சுருள் பக்கம் தள்ளினார். ஙொய். சவுண்டுக்காரரைப் பார்த்துக் கத்த வாயைத் திறந்தபோது கரண்டு போயிற்று.

விளக்கு, ஸ்பீக்கர் எல்லாம் அணைந்தன. கூட்டமும் ஒரு கணம் வாயடைத்துப் போனது. அந்த ஙொய் மட்டும் நிற்கவில்லை. பரணி கிட்டாரிலிருந்து வயரைப் பிடுங்கினார். நிற்கவில்லை. இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். இன்னும் கிட்டே வந்தது.

இரைச்சல் அவர் காதுக்குள்தான். டிரம்ஸுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே காலமெல்லாம் நின்ற காது அல்லவா? காலேபைத் திட்டிய ஒவ்வொரு சொல்லும் இப்போது தன்னையே சுட்டது. அதைவிட, குழுவுக்குத் தெரிந்தால் இனி யார் கூப்பிடுவார்கள் என்ற பயம்.

ஜெனரேட்டர் உறுமியது, விளக்குகள் வந்தன. பரணி வயரைச் செருகினார்.

"ஹேமா, கிட்டார் இரையுதா பாரும்மா."

அவள் அவருடைய ஸ்பீக்கர் அருகே குனிந்து கேட்டாள். முகம் மலர்ந்தது.

"இல்லண்ணா, சுத்தமா கீது. நல்லாத்தான் செஞ்சிகீறாரு அந்த காலேப். நீதான் சும்மா அவரத் திட்டிகினு இருந்த."

ஒரு வருஷமாக அவர் கேட்கத் தவித்த வார்த்தை அது. ஹேமாவதி பாட ஆரம்பித்தாள். தங்கக் காது என்று பெயரெடுத்த மனிதர், தாளம் தப்பிவிடுமோ என்று அவளுடைய உதடுகளையே பார்த்துக்கொண்டு வாசித்தார்.