ஐஸ் கட்டினால் குளிராது

நார்வேயில் நான் இருக்கும் ஊரில் மார்ச்சிலும் பனி கொட்டும். வீடுகளுக்கு வெளியே, நம் ஊர் ஏசி பெட்டியைப் போன்ற ஒன்று நின்றுகொண்டு, அந்தக் குளிர்காற்றிலிருந்தே சூட்டை எடுத்து உள்ளே அனுப்பும். ஹீட் பம்ப் என்பார்கள். திடீரென்று அது குபுகுபுவென்று புகைவிடும். வந்த புதிதில் பதறிப்போய், அரைகுறை நார்வேஜிய மொழியில் "தீ, தீ" என்று கத்தினேன். சிகரெட்டுக்குக் கேட்கிறேன் என்று நினைத்து வீட்டுக்கார அம்மாள் தீப்பெட்டி கொண்டுவந்தார். அது புகையல்ல, ஆவி. குழாய்களின் மேல் ஐஸ் கட்டிக்கொண்டால் காற்று நுழையாது. இயந்திரம் வெறுமனே ஓடும். அதைக் கண்டுபிடிக்க ஒரு சென்சார் உண்டு. கண்டதும் இயந்திரம் தன்னையே சூடாக்கி ஐஸை உருக்கிக்கொள்ளும். அப்போது எழுவதுதான் அந்த ஆவி. அந்தச் சென்சார்களைப் பழுதுபார்ப்பதுதான் ஆறு வருடமாக என் பிழைப்பு. அதற்கு முன்பு பெருமாநல்லூர் பனியன் கம்பெனிகளில் ஏசி மெக்கானிக்.

போன மார்ச்சில் தங்கை கலாமணி போன் செய்தாள். "அம்மா போயிருச்சுங்ணா. நீங்க வார வரைக்கும் ஐஸ் பொட்டில வெச்சிருக்கறோம்."

மூன்று விமானம் மாறி, இரண்டாம் நாள் மத்தியானம் வாசலில் இறங்கினேன். ஊதுபத்தியை மீறி அந்த வாடை வந்தது. கண்ணாடி மூடி உள்ளே வேர்த்திருந்தது. அம்மாவின் முகம் சரியாகத் தெரியவில்லை. பெட்டி உறுமிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் உள்ளே ஃபேன் திணறும் சத்தத்தைக் கேட்டதுமே எனக்குப் புரிந்துவிட்டது. பக்கத் தகட்டைக் கழற்றினேன். குழாய்களே தெரியாதபடி வெள்ளையாக ஐஸ். அதைக் கண்டு சொல்ல இந்தப் பெட்டியில் சென்சார் எதுவும் இல்லை.

"காத்தாலயே அந்தத் தகட்டுச் சந்துல ஐஸ் தெரிஞ்சுது மாப்ளே. நல்லாக் குளுருதுன்னுதான் நெனச்சோம்," என்றார் தாய்மாமன்.

கலாமணி என் கையைப் பிடித்தாள். "மூடியத் தொறந்து தொறந்து பாத்தது நாந்தானுங்ணா. அதுனாலயா?"

அதனால்தான். திறந்தபோதெல்லாம் வெளிக்காற்றின் ஈரம் உள்ளே போய் ஐஸாகியிருக்கிறது. "இல்ல கண்ணு, பழைய மெஷினு," என்றேன். இரண்டு நாள் காக்கவைத்தவன் நான். அவளிடம் எப்படிச் சொல்வது?

இனி உருக்கிக் குளிரவைக்க நேரமில்லை. மாமன் என் தோளில் கை வைத்தார். "மொகத்தப் பாக்க வேண்டாஞ் சாமி. எடுத்துரலாம்." தலையாட்டினேன். அரைமணி நேரத்தில் தூக்கிவிட்டார்கள்.

கொள்ளிச்சட்டியோடு வெறுங்காலில் முன்னே நடந்தேன். தார்ரோடு கொதித்தது. ஆறு வருடமாகக் கம்பளிச் சாக்ஸுக்குள்ளேயே கிடந்த பாதம் நூறடிக்குள் கொப்பளித்துவிட்டது. என் வயதுக்காரர்கள் அம்மாவைச் சுமந்துகொண்டு அதே ரோட்டில், அதே வெறுங்காலோடு சாதாரணமாக வந்தார்கள். நான் ஓரத்துப் புல்லைத் தேடித் தேடி மிதித்தேன்.

"நடுவுல நடங்க. அம்மாளுக்கு நேர் முன்னால போகோணுமுங்க," என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்.

நடுவுக்கு வந்தேன். நாலடி போவதற்குள் கால் தானாகவே ஓரத்துக்குப் போய்விட்டது.