எங்கிருந்து வந்தது அந்த வாடை?

போன மழைக்காலத்துக்குக் கொஞ்சம் முன்பு, திருவொற்றியூரில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டில் நடந்தது இது. என் கணவர் நடுக்கடலில் எண்ணெய் எடுக்கும் மேடையில் வெல்டராக வேலைக்குச் சேர்ந்திருந்தார். அங்கே என்னதான் இருக்கும் என்று தெரிந்துகொள்ள, அப்படியொரு மேடை தீப்பற்றி எரிந்ததை விலாவாரியாகச் சொல்லும் தடிப் புத்தகம் ஒன்றை நூலகத்திலிருந்து எடுத்து வந்தேன். வேண்டாத வேலைதான்.

பாதி புரியவில்லை. குழாய், அழுத்தம், வால்வு என்று பக்கம் பக்கமாகப் போனது. புரிந்தது ஒன்றுதான்: விபத்துக்கு முன்பே அறிகுறிகள் வந்திருக்கின்றன. ஆளாளுக்கு ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு வேலையைத் தொடர்ந்திருக்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவ்வளவு படித்தவர்களுக்கு இதுகூடவா உறைக்காது என்று வாய்விட்டே திட்டினேன்.

அப்போது கேஸ் வாடை வந்தது. எங்கள் பக்கம் அது புதிதில்லை. காற்று திரும்பினால் தொழிற்சாலைகளின் பக்கமிருந்து வரும். தெருவே ஜன்னலைச் சாத்திவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும். நானும் சாத்தினேன். வாடை குறைவதற்குப் பதிலாகக் கூடியது. புத்தகம்தான் மூக்கில் ஏறிவிட்டதோ என்று குழம்பிப்போய், கதவிடுக்கில் ஈரத்துணியையும் செருகினேன். உள்ளறையில் என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். தலைவலி தாங்காமல், டீ போடலாம் என்று எழுந்து லைட்டரைக் கையில் எடுத்தேன்.

கதவு தடதடவென்று உதைபட்டது. திறந்தால், மாடியில் குடியிருக்கும் அக்கா. காசிமேட்டில் மீன் விற்றுவிட்டுக் கூடைகளோடு அப்போதுதான் திரும்பியிருந்தார்.

“இன்னாமே, படிக்கட்டு வரிக்கும் கேஸ் நாத்தம் குப்புனு அடிக்குது. எல்லாத்தயும் சாத்திக்கினு உள்ள இன்னா பண்ற?”

“கம்பெனி வாடைதானேக்கா?”

“தெருவுல ஒரு வாடையும் இல்லமே! உன் வூட்லருந்துதான் வருது. கைல கீறத கீழ போடு மொதல்ல!”

அவரே உள்ளே ஓடி சிலிண்டரை மூடி, ஜன்னல்களைத் திறந்தார். நான் மகளை வாரிக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். அடுப்புக்குப் போகும் ரப்பர் குழாயை எலி கடித்திருந்தது. காலிங் பெல்லை அழுத்தியிருந்தாலும் பொறி பட்டு ஆபத்து என்று பிறகுதான் உறைத்தது. ஏன் அக்கா பெல் அடிக்கவில்லை என்று கேட்டேன்.

“ரெண்டு கையிலயும் மீன் கூட இருந்துச்சே, எப்டி அடிக்கிறது?” என்றார்.

அன்று மாலை கணவர் போன் செய்தார். வீட்டில் எல்லாம் சரியா என்று கேட்டார். சரிதான் என்று சொல்லிவிட்டேன். அங்கே எப்படி என்று கேட்டேன். அவரும் எல்லாம் சரி என்றுதான் சொன்னார்.

இன்றும் வாடை வந்தால், முதலில் சமையலறைக்குப் போய் முகர்ந்து பார்த்துவிட்டு, அப்புறமும் நம்பிக்கையில்லாமல் ஜன்னல் கொண்டியைப் பிடித்தபடி திறப்பதா சாத்துவதா என்று நிற்கிறேன். கடலிலிருந்து அவர் “எல்லாம் சரி” என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் அப்படியேதான் நிற்கிறேன்.