மாமாவின் வயிற்றில் துடிப்பது

தோழிகளே, இன்று நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். அத்தைக்குப் படிக்கத் தெரியாது என்பதால்தான் எழுதவே துணிந்தேன்.

மில்லில் தறி ஓட்டும் என் மாமாவுக்குச் சில வாரமாக முதுகுவலி. வயிற்றில் கை வைத்தால் உருண்டையாக ஏதோ துடிக்கிறது. குடல் ஏறிவிட்டது என்று அத்தை தினமும் எண்ணெய் போட்டு வயிற்றை வழித்துவிடுவார்.

இன்று ஆஸ்பத்திரியில் பிரெஞ்சு டாக்டர் சொன்னதை, பிரெஞ்சுப் பள்ளியில் படிக்கும் நான்தான் மாமாவுக்குத் தமிழில் சொன்னேன்:

இதயத்திலிருந்து இறங்கும் பெரிய ரத்தக்குழாய் வயிற்றில் பலூன் போல வீங்கியிருக்கிறது. பாரீசில் இப்போதுதான் அதை வெட்டியெடுத்து வேறு குழாய் வைத்துத் தைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். அங்கும் எல்லோரும் பிழைப்பதில்லை. இங்கே அதைச் செய்ய ஆளில்லை. வெடித்தால் காப்பாற்ற முடியாது. வயிற்றை யாரும் அழுத்தவே கூடாது.

"பாரீசுக்கு பஸ்சு எங்க நிக்குது, நம்மூரு உப்பளத்துலயா?" என்றார் மாமா.

டாக்டர் என்னைப் பார்த்தார். அதை மட்டும் நான் பிரெஞ்சில் சொல்லவில்லை.

திரும்பும்போது மாமா சொன்னார்: "அத்தகிட்ட சொல்லிடாத பாப்பா. தேச்சித் தேச்சி நாமதான் கெடுத்துட்டோம்னு உசுர விட்டுடுவா."

வீட்டில் அத்தை எண்ணெய் காய்ச்சி வைத்திருந்தார். "படுத்துக்கய்யா, வழிச்சி விடறேன்."

மாமா கிண்ணத்தை வாங்கித் தலையில் தேய்த்துக்கொண்டார். "உடம்பு சூடாம். தலைக்குத்தான் வைக்கணும்னாரு டாக்டரு."

"அப்படியா பாப்பா?"

"ஆமாம் அத்தை."

இந்தப் பொய் இன்றைக்குத் தாங்கியது. நாளைக்கு என்ன சொல்வது? யோசனை இருந்தால் சொல்லுங்கள்.

மாமா படுத்ததும் போர்வைக்கு மேலேயே துடிப்பு தெரிந்தது. அத்தை இந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதற்குள் அவரே எழுந்து விளக்கை அணைத்துவிட்டார்.